பாயிண்ட் இல்லாத வண்டி

தீர்த்தகிரி கார் இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றியதும் நான் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"பாயிண்ட் தேஞ்சே போச்சுங்க தம்பி. இதைத் தூக்கிப் போட்டுட்டு நீங்க கொண்டாந்ததை மாட்டிட்டா இனித் தொல்லையே இல்லீங்க."

கூரியரில் வந்திருந்த எலக்ட்ரானிக் இக்னிஷன் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அடுத்த வாரம் என் தங்கை மகள் ஷாலினிக்குக் கல்யாணம். தாத்தாவின் பழைய ஃபியட்டில்தான் மண்டபத்தில் வந்து இறங்குவேன், தாய்மாமன்தான் ஓட்டவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். போட்டோவுக்கு நன்றாக இருக்குமாம். அவள் அம்மா நர்மதாவுக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது.

"ஓட்டிக்க, வேண்டாங்கல. ஆனா அந்தத் தீர்த்தகிரி கை மட்டும் இதுல படக்கூடாது. என்னை நடுத்தெருவுல நிறுத்தினது அந்த ஆளுதான்," என்றாள் போனில்.

சரி என்றேன். மூன்று மெக்கானிக்குகள் இந்த வேலை தெரியாது என்று கையை விரித்தார்கள். கடைசியில் ஆண்டகளூர் கேட்டில் இருக்கும் அவருடைய கொட்டகைக்கே வந்து நிற்கிறேன்.

விஷயத்தைச் சொன்னதும், செய்துகொண்டிருந்த லாரி வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். "நர்மதா பாப்பா பொண்ணுக்குங்களா கல்யாணம்? அப்பச் செஞ்சே ஆகோணும்."

நர்மதாவை நடுத்தெருவில் நிறுத்தியது அவரில்லை. நான்.

இருபத்தாறு வருடம் ஆகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குச் சேலத்தில் பேங்க் பரீட்சை. அப்பா இதே ஃபியட்டில் கூட்டிப்போவதாக ஏற்பாடு. இதுதான் கடைசி, தேறாவிட்டால் வருகிற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டவேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். அதே பரீட்சையை நான் இரண்டு தடவை எழுதிக் கோட்டை விட்டவன். அவள் தேறிவிடுவாள் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும்தான் தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல்.

முந்தின நாள் சாயங்காலம் தீர்த்தகிரி வீட்டுக்கே வந்து வண்டியைப் பார்த்தார். பாயிண்ட் என்பது நகத்தைவிடச் சின்னதாக இரண்டு உலோகப் பொட்டுகள். அவை தொட்டுத் தொட்டுப் பிரிந்தால்தான் பிளக்குக்குக் கரண்ட் போகும். இன்ஜினை ஓட்டிப் பார்த்து அணைத்தார். கடைசியாக நாட்காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பாயிண்டுக்கு நடுவில் விட்டு இழுத்துத் துடைத்தார். மூடியை மாட்டிவிட்டுப் போனார். நானும் அப்பாவும் பக்கத்தில்தான் நின்றிருந்தோம்.

விடிந்ததும், நர்மதா தலைவாரிக்கொண்டிருந்த நேரத்தில், என் நோட்டிலிருந்து ஒரு துண்டு கிழித்து, மூடியைக் கழற்றி அதே இடத்தில் செருகி மாட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, படுபாவி எனக்கு.

வண்டி கிளம்பவில்லை. பேட்டரி இறங்கும் வரை அப்பா சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். அப்புறம் ஓடிப்போய் பஸ் பிடித்து நர்மதா போய்ச் சேர்ந்தபோது கேட்டைப் பூட்டிவிட்டார்கள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை நல்லவர்தான். ஆனாலும் பேங்க் வாசலைத் தாண்டும்போதெல்லாம் அவள் பேச்சு நின்றுவிடும்.

அன்று மத்தியானம் தீர்த்தகிரியைக் கூப்பிட்டு அப்பா மூடியைக் கழற்றச் சொன்னார். உள்ளே பேப்பர். தெருவே பார்க்க அப்பா செருப்பைக் கழற்றினார்.

"எம்புள்ள பொழப்பைக் கெடுத்துட்டயேடா!"

தீர்த்தகிரி அந்தத் துண்டை எடுத்தார். ஒரு கணம் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"என் தப்புத்தானுங்க. துடைச்சுப்போட்டு எடுக்க மறந்துட்டனுங்க."

பாவம், அவரே அப்படித்தான் நம்புகிறார் என்று நினைத்தேன். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஓங்கிய அப்பாவின் கையைப் பிடித்துத் தடுத்ததும் நான்தான். தங்கமான பையன் என்று தெருவில் பெயர் வேறு வாங்கினேன். வெட்கங்கெட்டவன்!

அதற்கப்புறம் எங்கள் ராசிபுரத்தில் யாரும் அவரிடம் கார் விடவில்லை. லாரி வேலைக்கு வந்துவிட்டார்.

இன்றைக்கு எப்படியும் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன். வழியெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அவர் எதிரில் வந்ததும், அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு நின்றேன்.

பழைய பாயிண்டைக் கழற்றினார். காந்த வளையத்தைப் பொருத்தினார். சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் காயிலில் முடுக்கினார். சாவியைத் திருப்பினார்.

ஒரே திருப்பில் வண்டி பிடித்துக்கொண்டது.

கழற்றிய பாயிண்டைத் துணியில் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

"இனிப் பயமில்லீங்க சாமி. இதுல நோட்டுப் பேப்பர் வெக்கறதுக்கு இடமே கெடையாது."

காலண்டர் தாள் என்று சொல்லவில்லை. நோட்டுப் பேப்பர் என்றார். அப்படியென்றால் அன்றைக்கே, அப்பா செருப்பை ஓங்கியபோதே, அவருக்குத் தெரியும்.

"அண்ணா..." என்று ஆரம்பித்தேன்.

போன் அடித்தது. இன்ஜின் சத்தத்துக்கு ஸ்பீக்கரைப் போட்டேன். நர்மதா.

"கெளம்பிருச்சாண்ணா? அட, சத்தம் நல்லாத்தான் கேக்குது. ஆருகிட்ட உட்ட?"

ஸ்பானர்களைப் பொறுக்கப் போன தீர்த்தகிரி அப்படியே நின்றார்.

பாயிண்டை மூடியிருந்த கையை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

"சேலத்துல ஒருத்தரு," என்றேன்.

அவர் குனிந்து ஸ்பானர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் போட ஆரம்பித்தார்.