சரியெடைக்காரர்

"தலையைக் குனிஞ்சுக்கோ. அந்த நர்ஸ் நம்மளையே பார்க்கறா" என்று மனைவியின் காதைக் கடித்தார் மண்டிக்காரர்.

"பார்த்தா என்ன? கொலையா பண்ணிட்டோம்?"

"உனக்கென்ன? நாளைக்குக் கடையைத் திறந்து நாலு பேர் மூஞ்சியில முழிக்க வேண்டியது நான்தானே?"

அவருடைய வெங்காய மண்டி வாசலில் 'சரியான எடை' என்று கொட்டை எழுத்தில் போர்டு தொங்குகிறது. அதனால் ஊருக்கு அவர் சரியெடைக்காரர். அப்பேர்ப்பட்டவர், சாப்பிட மாட்டேன் என்கிற மகளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் வந்து உட்கார்ந்திருக்கிறார். மூட்டை மூட்டையாக விற்கிறவன் வீட்டில் பட்டினி என்றால் எவன் சிரிக்க மாட்டான்? போதாக்குறைக்கு, டாக்டர் என்றாலே பர்ஸில் கை வைக்கிறவர் என்பது அவர் கட்சி.

பாப்பா எதிரே இருந்தாள். காலேஜ் முடிக்கப் போகிறவள். கூப்பிடுவது மட்டும் இன்னும் பாப்பா. கொளுத்துகிற வெயிலில் ஸ்வெட்டர். இரண்டு கையையும் அதற்குள்ளேயே இழுத்து வைத்திருந்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

"எடை மெஷின்ல ஏறி, முதுகைக் காட்டி நில்லும்மா. நம்பரைப் பார்க்க வேணாம்" என்றாள் நர்ஸ். பாப்பா கேட்கிற ஆளா? இறங்கும்போது திரும்பிப் பார்த்துவிட்டாள்.

"இது தப்பு. எங்க அப்பா கடையில இதைவிடக் கூட இருந்தேன்."

"எந்தக் கடைம்மா?"

"வெங்காய மண்டி. சரியெடை."

"அட! எங்க ஆஸ்பத்திரி சமையலுக்கே அங்கதானே மூட்டை எடுக்கறோம்! எங்கயோ பார்த்த முகமா இருக்கேன்னு அப்ப இருந்தே பார்த்துட்டிருக்கேன்" என்று நர்ஸ் சிரித்தாள்.

மண்டிக்காரர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். துடைக்கிற சாக்கில் மூடியும் கொண்டார். மானம் போகிற இடத்தில் ஃபேன் காற்று வேலை செய்யாது.

"மெஷின் கிடக்கட்டும்மா" என்றார் டாக்டரம்மா. "எடை மட்டுமே வியாதி இல்லை. உன் நாடி ரொம்ப மெதுவா ஓடுது. காலையில எடுத்த ரத்தத்துல உப்புச் சத்து இறங்கிக் கிடக்கு. இன்னிக்கே சேர்ந்துடறது நல்லது. ஆனா கட்டாயப்படுத்தினா நிலைக்காது. உன் வாயால சரின்னு வரணும்."

"நாம வீட்டுக்குப் போகலாம் வா" என்று மண்டிக்காரர் எழுந்தார். "இது ஆள் பிடிக்கற வேலை. மெஷினைக் குறைச்சு வச்சு மிரட்டறாங்க."

"உக்காருங்க!" மனைவி இப்படி ஒரு நாளும் கத்தியதில்லை. "ஊர்ல எல்லாரும் மெஷினைத் திருகி வச்சுக்கிட்டா உக்காந்திருக்காங்க? நேத்து குளியலறையில மயங்கிக் கிடந்தவளை ஒத்தைக் கையால தூக்கினேங்க. துவைக்கப் போட்ட துணி மாதிரி இருந்தா."

அவர் பொத்தென்று உட்கார்ந்தார்.

பாப்பாவுக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்கு வியாதி இருக்கு, தெரியும் டாக்டர். சரியாகணும்னும் ஆசைதான். ஆனா இங்க சேர்ற அளவுக்கு இல்ல. வெளிய பெஞ்சுல ஒரு பொண்ணு எலும்பா உக்காந்திருக்காளே, அவ கட்டிலை நான் பிடுங்கிக்கிட்டா அசிங்கமில்லையா? தினமும் கடை அடைக்கும்போது மூட்டை மெஷின்ல ஏறிப் பார்க்கறேன். மத்ததெல்லாம் எனக்காகப் பொய் சொல்லும். அது சொல்லாது."

"அவளுக்கும் கட்டில் இருக்கு, உனக்கும் இருக்கு. மூணு வேளையும் வீட்டாள் ஒருத்தர் பக்கத்துல உக்காந்து உன்னோட சாப்பிடணும். அழக் கூடாது, அதட்டக் கூடாது. யார் வருவாங்க?"

"அப்பா" என்றாள் பாப்பா, யோசிக்காமலே. "அம்மா 'இத்துனூண்டுதான்'னு சொல்லி நிறைய வச்சிடுவா. அப்பா ஏமாத்த மாட்டார்."

மண்டிக்காரர் தரையில் எதையோ தேடினார்.

"நீங்களே சொல்லுங்கப்பா. நம்ம கடை மெஷின் தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே சேர்ந்துக்கறேன்."

நர்ஸ் கதவோரமாகவே நின்றாள். அவளை வெளியே போகச் சொல்ல மண்டிக்காரர் வாயெடுத்தார்.

"தப்புதாம்மா" என்றார்.

"பார்த்தீங்களா டாக்டர்? என்னைச் சேர்க்கறதுக்காகச் சொல்றார்."

"இல்ல பாப்பா. பத்து கிலோ ஏத்தினா பதினொண்ணு காட்டும். மெக்கானிக்கைக் கூப்பிட்டு நான்தான் அப்படி வச்சேன்."

அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். பாப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை மெல்ல ஸ்வெட்டரிலிருந்து வெளியே வந்து, டாக்டரம்மா சேர்க்கைப் படிவத்தோடு நீட்டிய பேனாவை வாங்கிக்கொண்டது.

"எதுக்குப்பா? என்னை ஏமாத்தவா?"

"உன்னை இல்லடா கண்ணு" என்றார் சரியெடைக்காரர், நர்ஸ் இருந்த பக்கம் திரும்பாமல். "ஊரை."