இறங்காத கண்ணாடி

காரைச் சுற்றி நின்றவர்கள் நான்கு பேர். காருக்குச் சொந்தக்காரர் இராமதாஸ். அவர் மனைவி கமலவேணி. அவள் தம்பி வெற்றிச்செல்வன். இன்று நிச்சயதார்த்தம் முடிந்தால் சம்பந்தியாகிவிடப் போகும் விழுப்புரம் காத்தவராயன். நால்வரில் வெற்றிச்செல்வனுக்கு மட்டும் புதுப் பட்டுச் சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்த்திருந்தது.

முன்பக்க இடது கண்ணாடி கொஞ்சம் இறங்கி, அப்படியே நின்றுவிட்டது.

"ஃப்யூஸ் போயிருக்கும் மாமா," என்றான் வெற்றிச்செல்வன்.

"கம்முனு இரு. எனக்குத் தெரியும்."

இராமதாசுக்குச் சேதராப்பட்டுத் தொழிற்சாலை ஒன்றில் மெயின்டனன்ஸ் வேலை. சொந்த வண்டிக்கு மெக்கானிக்கைக் கூப்பிடுவதை அவமானமாக நினைப்பவர். ஃப்யூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார். கம்பி அறுபடவில்லை. வலது கதவின் சுவிட்சைக் கழற்றி இடது பக்கம் மாட்டி அமுக்கினார். உள்ளே மோட்டார் முனகியது. கண்ணாடி அசையவில்லை.

"கரண்டு வருது. மோட்டாரும் சுத்தப் பாக்குது. உள்ள ஏதோ தடுக்குது."

"விடுங்க சம்பந்தி, ஏசி இருக்கில்ல," என்றார் காத்தவராயன். "நல்ல நேரம் போயிடும்."

"செக்போஸ்ட்டுல கண்ணாடிய எறக்கச் சொல்வான். எறங்கலைன்னா சந்தேகப்பட்டு வண்டியவே கொட்டிப் பாப்பான்."

"பூவும் தட்டும் பொம்பளைங்களுமா போற வண்டிய எவன் நிறுத்தப் போறான்?"

நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டார் இராமதாஸ். பெண் வீட்டாரை அழைத்துப் போக மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருவர் வருவது முறை. வேறு யாரையும் அனுப்பாமல் நேற்று மத்தியானமே தானே வந்துவிட்டார். காலையில் வீடு எழுவதற்குள் சாவியை எடுத்து, காரை உள்ளும் புறமும் துடைத்து வைத்திருந்தார்.

ஆள் உயரம். அவர் கால் நீட்டி உட்காரட்டும் என்று இராமதாஸ் முன் சீட்டின் லீவரைத் தூக்கிப் பின்னால் தள்ளினார். சீட்டும் நகரவில்லை. அடியில் கையை விட்டுத் துழாவினார். ஒரு துணிச் சுருட்டு. துணிக்குள்ளே கழுத்தும் மூடியும் விரலுக்குத் தெரிந்தன.

கையை வெளியே எடுத்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல, துரு. நீங்க உள்ள போயி காப்பி குடிங்க சம்பந்தி. கமலா, அழைச்சிட்டுப் போ."

"நானும் ஒரு கை பிடிக்கிறனே."

"வேணாம், வேட்டி கறையாயிடும்."

காத்தவராயன் அரை மனதாக உள்ளே போனார். இராமதாஸ் மச்சான் பக்கம் திரும்பினார்.

"நேத்து சாயந்தரம் வண்டிய எங்கடா எடுத்துட்டுப் போன?"

"பெரிய மார்க்கெட்டுக்கு. தட்டுல வைக்கப் பழம் வாங்க. நீங்கதான அனுப்பினீங்க."

"பழம் வாங்க அவ்ளோ நேரமா?"

"வண்டி நிறுத்த எடம் கெடைக்கல மாமா."

வெற்றிச்செல்வன் ஒயின்ஷாப்பில் வேலை செய்கிறான். போன வருஷம், இங்கே மலிவாகக் கிடைக்கும் பாட்டில்களை ஸ்கூட்டர் டிக்கியில் விழுப்புரம் பக்கம் கடத்தும்போது எல்லையில் மாட்டினான். இராமதாஸ்தான் போய் மீட்டு வந்தார். இன்று அதே எல்லையில் இந்தக் கார் மாட்டினால் வண்டியும் போகும், மகள் துர்காவின் நிச்சயதார்த்தமும் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் முடியும். அவள் உள்ளே தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

இராமதாஸ் கதவின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, உள்பக்க அட்டையை நெம்பி எடுத்தார். பாட்டில்கள். கிழித்த துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றி, சத்தம் வராதபடி உள்ளே செருகியிருந்தது.

"நான் இல்ல மாமா. இந்தச் சரக்கு எங்க கடைக்கு வர்றதே இல்ல. லேபிளப் பாருங்க."

"லேபிள் படிக்கச் சொல்லித் தர்றியா எனக்கு?"

அப்போதுதான் வாசல்படியில் டம்ளரோடு நின்ற காத்தவராயனை இராமதாஸ் பார்த்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. அவர் கண் பாட்டில்களின் மேல் இருந்தது.

கல்யாணம் போச்சு என்று இராமதாசுக்குத் தோன்றியது. தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. மச்சானின் பட்டுச் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக் கேட்டை நோக்கி இழுத்தார்.

"சம்பந்தி, இவனுக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. இன்னிக்கும் வர மாட்டான், கல்யாணத்துக்கும் வர மாட்டான்."

கமலவேணி ஓடி வந்தாள். "ஏங்க, தாய்மாமன்ங்க அவன். மாலை போட வேற யாரு இருக்கா?"

"தாய்மாமன் இல்லாமலே நடக்கட்டும்."

"அக்கா, நீயாவது நம்பு," என்றான் வெற்றிச்செல்வன்.

கமலவேணி காத்தவராயன் முகத்தைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். தம்பியைப் பார்க்கவில்லை.

இராமதாஸ் அவனை வெளியே தள்ளி, இரும்புக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார். அந்தப் பக்கம் ஒரு தரம் தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்தது. கமலவேணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, காலில் விழவும் தயாராக, இராமதாஸ் திரும்பினார்.

காத்தவராயன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கழற்றிய கதவுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியா அடுக்குனா கண்ணாடி எறங்கிடும் சம்பந்தி, காலையில அவசரத்துல வச்சுட்டேன்."