மூன்று வருஷப் பழசு

போய்விட்ட மூன்று வருஷத்தைத் திருப்பித் தருவதற்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கேட்டார் நாகநாதன்.

"பிக்கப்புல கொக்கி, டிரெய்லருக்கு ஒயரிங், பின்னாடி நாலு லைட்டு. புதுசாத் தெரியலாம்னா ஏழாயிரம். மூணு வருஷமாக் கிடந்த மாதிரி தெரியணும்னா பன்னெண்டு. மாட்டுறது சுலபம் மொதலாளி, பழசாக்குறதுதான் வேலை."

வைக்கோல் வியாபாரி பரணிதரன் "சரி" என்றார். ஒரு கட்டுக்கு ஐந்து ரூபாய் குறைக்க அரை மணி நேரம் வயல் வரப்பில் நிற்கிற மனிதர். இருபதாயிரம் கேட்டிருக்கலாமே என்று நாகநாதனுக்கு வயிறு எரிந்தது.

திருக்காட்டுப்பள்ளி சாலையில் இருந்த நாகநாதனின் வெல்டிங் பட்டறையைக் காலையில் திறந்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. வாசலில் பரணிதரனின் பிக்கப் நின்றது, பின்னால் சங்கிலி போட்டு இழுத்துவந்த டிரெய்லர். பிக்கப் முழுக்கப் புழுதி. டிரெய்லர் மட்டும் கழுவிய ஈரத்தோடு இருந்தது.

"எப்.சி.க்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல காட்டணும்" என்றார் பரணிதரன். "இன்னிக்கு மாட்டினதுன்னு தெரிஞ்சா, இத்தனை நாள் லைட் இல்லாமலா ஓட்டினேன்னு அபராதம் தீட்டிடுவாங்க. பத்து மணிக்குள்ள முடிச்சுக் குடுங்க."

நாகநாதன் மேற்கொண்டு கேட்கவில்லை. காரணத்தைத் துருவினால் கூலி குறையும் என்பது அவர் தொழிலில் கண்ட உண்மை.

"ஒயரிங் என் தம்பி மாறன் வேலை. மாமியார் வீட்டுக்குப் போனவன் இன்னும் வந்து சேரல. போனையும் எடுக்கல. கறிச்சோறு கண்ணைச் சொருகிடுச்சு போல. அதையும் நானே பார்க்கணும்னா மேல ரெண்டாயிரம் ஆகும்."

"தர்றேன்."

வயிறு மறுபடியும் எரிந்தது.

பிக்கப்பின் அடியில் படுத்துக் கொக்கியைப் பற்றவைத்தார். பற்றவைத்த இடத்தின் பளபளப்பைத் தேய்த்து எடுத்துவிட்டு, பேட்டரி ஆசிட்டையும் உப்புத் தண்ணீரையும் மாற்றி மாற்றித் தடவினார். அரை மணியில் துரு பூத்தது.

எதையும் தூக்கிப் போடாத மாறன், உடைப்புக்குப் போன டிராக்டர்களிலிருந்து கழற்றிய விளக்குகளைப் பெயிண்ட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தான். அதில் நான்கைப் பொறுக்கி மாட்டினார். ஒயருக்குக் கறுத்த ஆயில் பூசி, அதன்மேல் ரோட்டுப் புழுதியை அள்ளித் தூவினார். மறுநாள் பார்த்தால் அவரே ஏமாந்துபோவார். அவ்வளவு நேர்த்தி.

"பின்பலகை நெளிஞ்சிருக்கே. தட்டி நிமித்திடவா? இருநூறு குடுத்தாப் போதும்."

"அதைத் தொடாதீங்க."

"எப்.சி.க்குப் போற வண்டியாச்சே."

"நெளிவு இருக்கட்டும். லைட் எரியட்டும்."

பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பின்னால் போய் நின்று பார்த்தார். எரிந்தது. பரணிதரன் பதினாலாயிரத்தை எண்ணாமல் எடுத்து நீட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார். கொடுத்தபோது நாகநாதன் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. கஞ்சனுக்குக் காசு பிரியும்போது முகம் எங்கே நிமிரும் என்று நாகநாதன் சிரித்துக்கொண்டார்.

சாமானுக்கு மூவாயிரம் போக மிச்சம் பதினோராயிரம். வேலைக்கு வராதவனுக்குப் பங்கு எதற்கு என்று முதலில் தோன்றியது. விளக்கு அவன் சேர்த்ததாயிற்றே என்று இரண்டாயிரத்தை மட்டும் தனியே மடித்து, தாளில் மாறன் பெயரை எழுதிச் சுற்றிக் கல்லாவில் போட்டார்.

பதினொன்றரை மணிக்கு மாறன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"சொல்லுங்க மாப்பிள்ளை. உங்க ஊர்ல இப்பத்தான் விடிஞ்சுதா?"

பேசியது வேறு குரல். "ஸ்டேஷன்லேருந்து ஏட்டு பேசுறேங்க. இந்தப் போன் இப்பத்தான் வயல் சேத்துல கிடைச்சுது. இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"தம்பி."

"மனசைத் தேத்திக்குங்க. விடியக்காலை இருட்டுல, வாய்க்கால் பாலத்துக்கிட்ட, முன்னாடி போன டிரெய்லர்ல பைக்கோட மோதிட்டார். அங்கேயே உயிர் போயிடுச்சு."

"யார் டிரெய்லர்?"

"வைக்கோல் பரணிதரனோடது. அவரே வண்டியக் கொண்டாந்து நிறுத்திட்டார். பிரேக் இன்ஸ்பெக்டரும் வந்து பார்த்துட்டார். லைட் பழசுதான், ஆனா நாலும் நல்லா எரியுது."

ஏட்டு குரலைத் தணித்துக்கொண்டார்.

"தப்பு உங்க தம்பி மேலதாங்க."