இருபது வயது முதுகு

முதுகெலும்பில் தேய்ந்துபோன டிஸ்க்குகளுக்குள், அவற்றைத் திரும்ப வளரவைக்கும் செல் ஊசி போட்டுப் பல மாதங்கள் ஆகியும் ஆக்னஸுக்கு இடுப்பு வலி விடவில்லை. அதை நம்பத்தான் ஆளில்லை.

“பாருங்கம்மா, டிஸ்க் எல்லாம் எப்படி உப்பி வந்திருக்கு! இருபது வயசுப் பொண்ணோட முதுகு உங்களுக்கு,” என்று ஸ்கேன் படத்தைக் காட்டிப் பூரித்தார் டாக்டர்.

“வலிக்குதே சார்.”

“வலிக்க அங்கே ஒண்ணுமே இல்லையேம்மா.”

ஊசி எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்த பிறகு, ஊரில் முதுகுவலி என்ற பேச்சே இல்லை. அவள் சமைக்கும் பள்ளிக்கூடத்தில் சோற்று அண்டாவை இறக்கிவைக்க இருந்த ஆளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வீட்டில் கணவன் அல்போன்ஸ் அவளுக்காகத் தண்ணீர்க் குடம் தூக்குவதை நிறுத்திக்கொண்டான்.

“ஏட்டி, டாக்டரே சொல்லிட்டாருல்லா, இன்னும் என்ன நடிப்பு?” என்று சிரித்தான் அவன். கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அவனுக்கும் அந்த வருடமே ஊசி போட்டார்கள். சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம், செருப்பைக் கழற்றக் குனிந்தவன் அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். நெற்றியெல்லாம் வியர்வை.

“வலிக்குதா?”

“இல்லையே,” என்றான் அவசரமாக.

ஆக்னஸ் குனிந்து அவன் செருப்பைக் கழற்றினாள். அவளுக்கும் இடுப்பிலிருந்து குதிகால் வரை சுளீரென்று இழுத்தது.

“எனக்கு வலிக்குது. உங்களுக்கும் வலிக்குதுன்னு ஒரு தடவை சொல்லுங்க. நான் நம்புதேன்.”

அவன் கதவை விட்டுவிட்டு, பல்லைக் கடித்து நிமிர்ந்து உள்ளே போனான். மறுநாள் காலையில் இருவரும் தெருவில் நிமிர்ந்தே நடந்து வேலைக்குப் போனார்கள்.