காதுகுத்துக்கு ஒரு பிளெக்ஸ்

திருமங்கலம் பஸ் நிலையத்தின் ஹாரன் சத்தம் பிளெக்ஸ் கடைக்குள்ளும் கேட்கிறது. கம்ப்யூட்டர் திரையில் காதுகுத்து விழா பேனர் விரிந்திருக்கிறது. நடுவில் எட்டு மாதக் குழந்தை. இடப்பக்கம் தகப்பன் அழகுபாண்டி, வலப்பக்கம் தாய்மாமன் கருத்தக்கண்ணன். இருவருக்கும் மேலே நாட்டை ஆளும் தலைவர் கைகூப்பிச் சிரிக்கிறார். "அவரு இருக்கட்டும்மா. இன்னைக்கு ஒழுகாத வீட்ல படுக்குறோம்னா அவரு குடுத்தது" என்று டிசைனர் பெண்ணிடம் சொல்கிறார் அழகுபாண்டி. "மொதல்ல தூக்கும்மா. அந்தாளு போட்ட ஒத்த உத்தரவுலதான் என் பட்டறை மூடிக் கெடக்கு" என்கிறார் கருத்தக்கண்ணன். அவள் மவுசைத் தட்டத் தட்டத் தலைவர் மறைகிறார், வருகிறார். அந்தச் சிரிப்பு மட்டும் மாறுவதில்லை. "இந்த மூஞ்சி இருந்தா பிள்ளைய மடியில வச்சுக் காது குத்த நான் வரமாட்டேன் மாப்ள." "வராட்டிப் போங்க மச்சான்." மின்விசிறிக் காற்றில் சுவரிலுள்ள மாதிரித் தாள்கள் படபடக்கின்றன. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி அழகுபாண்டியின் மனைவி தாமரைச்செல்வி பின்னால் நிற்கிறாள். அண்ணனின் பட்டறை வருமானத்தில் படித்தவள் அவள். அந்த ஒழுகாத வீட்டில் விளக்கேற்றுகிறவளும் அவள்தான். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். "நீங்களாச்சும் சொல்லுங்கக்கா, வைக்கவா, எடுக்கவா?" என்கிறாள் டிசைனர் பெண். ஆண்கள் இருவரும் தாமரைச்செல்வியைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அவள் திரையை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்க்கிறாள். பங்காளிகள், சம்பந்தகாரர்கள், நண்பர்கள் என்று அம்புட்டுப் பேர் பெயரும் இருக்கிறது. "காது குத்துற பிள்ள பேரக் காணோமேம்மா" என்கிறாள்.