மாமனாரின் நீண்ட ஜெபம்

மாமியார் சூப் கிண்ணங்களை வைத்துவிட்டார். யாரும் கரண்டியை எடுக்கவில்லை.

அந்த வீட்டில் ஜெபம் பண்ணாமல் ஒரு வாய் உள்ளே போகாது. ஜெபம் பண்ணுகிறவர் எப்போதும் மாமனார்தான். வேறு யாரும் அதில் தலையிட்டதில்லை.

ஆனால் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி, இப்போதுதான் சட்டை மாற்றிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வந்திருக்கிறார்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது போதகர் வந்து, கட்டில் பக்கத்தில் நின்று பைபிளைத் திறந்தார். மாமனார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த முறை வந்தபோதும் போதகருக்குக் கிடைத்தது முதுகுதான்.

"அப்பா ஆண்டவர வெறுத்துட்டாரோன்னு பயமா இருக்குங்க" என்று சற்று முன் சமையலறையில் மாப்பிள்ளையிடம் மனைவி கண் கலங்கினாள்.

மாப்பிள்ளைக்கும் அதே பயம்தான். எவ்வளவு பெரிய கஷ்டத்திலும் ஆண்டவர் பக்கத்திலேயே இருக்கிறார் என்று சபைக்கே தைரியம் சொன்ன மனிதர். வேலை போனபோதும், மூத்த மகனைப் பறிகொடுத்தபோதும் இதே மேசையில் உட்கார்ந்து ஸ்தோத்திரம் பண்ணியவர். அவரே கைவிட்டால் இந்த வீட்டில் மற்றவர்கள் எம்மாத்திரம்?

சரி, இன்றைக்கு நாமே ஒப்பேற்றிவிடுவோம் என்று மாப்பிள்ளை கைகளைக் கூப்பினான். அவனுடைய ஜெபம் இரண்டே வரி. அதற்கு மேல் சரக்கு கிடையாது.

அவன் வாயைத் திறப்பதற்குள் மாமனார் கையை உயர்த்தி நிறுத்தினார். விரல்களைக் கோத்துக்கொண்டு கண்களை மூடினார்.

மாப்பிள்ளை கூப்பிய கைகளை இறக்கிக்கொண்டான்.

மாமனாரின் ஜெபம் லேசில் முடியாது. கல்யாணமான புதிதில் பசி தாங்காமல் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்ப்பான். ஜெபம் எந்த மட்டில் இருக்கிறது என்று அவர் முகத்தை வைத்தே கண்டுபிடிப்பதில் தேறிவிட்டான். இன்றும் அதே திருட்டுக் கண்ணால் பார்த்தான்.

புருவம் நெரிந்தது. நோயாளிகள். வழக்கமாகச் சீக்கிரம் கடந்துவிடும் இடம், இன்று வெகுநேரம் அங்கேயே நின்றார். பக்கத்துக் கட்டில்காரர், ராத்திரி நர்ஸ் எல்லாரும் புதிதாகச் சேர்ந்திருக்க வேண்டும்.

தலை லேசாக ஆடியது. பயணத்தில் இருப்பவர்கள். அப்புறம் உதடு இறுகியது. சண்டை நடக்கும் நாடுகளும் அவற்றை ஆளுகிறவர்களும்.

உதட்டோரம் மெல்ல விரிந்தது. அது மகளும் மருமகனும். மாப்பிள்ளை அவசரமாகக் கண்ணை மூடி, மறுபடி திறந்தான்.

இனி பாக்கி ஆண்டவருக்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திரம் ஒன்றுதான். அங்கே வந்ததும் மாமனார் இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் விரித்து வைப்பார். இத்தனை வருஷத்தில் அது மாறியதே இல்லை.

கைகள் கோத்தபடியே இருந்தன. விரல் மூட்டுகள் வெளுத்துப் போயிருந்தன. கண்ணீர்த் துளி ஒன்று கன்னத்தில் இறங்கி, தாடையில் வந்து நின்றது.

முடியாவிட்டால் விடுங்கள் மாமா, உங்களை யாரும் குறை சொல்ல மாட்டோம் என்று மாப்பிள்ளை மனசுக்குள் கெஞ்சினான்.

மாமனார் மூச்சை இழுத்து விட்டார். விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. இரண்டு உள்ளங்கைகளும் மெதுவாக விரிந்தன.

ஆமென் என்று மூன்று பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தான். மாமியாரும் மனைவியும்கூடக் கண்ணை மூடியிருக்கவில்லை.

மாமியார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சூப் கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தார். "பக்கத்துலயே உக்காந்திருக்கிற ஆண்டவர்கிட்ட சொல்றதுக்கு இவ்வளவு நேரமா? எல்லாம் ஆறிப்போச்சு."

மாமனார் சிரித்தார். தோள்கள் குலுங்கின. கழுத்தில் டாக்டர்கள் போட்டிருந்த துளை வழியாகக் காற்று மட்டும் உஸ்ஸென்று போய் வந்தது.

கட்டியோடு சேர்த்துக் குரல்வளையையும் எடுத்துவிட்டார்கள். மாடிப்படி வரைக்கும் கேட்கும் அந்தக் கணீர்க் குரல் இனிமேல் இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. இன்றைய ஜெபத்திலும் வரவில்லை.

ஆனாலும் மனிதர் ஒருத்தரைக்கூட விட்டுவிடவில்லை.