உதட்டுப் பாடம்

“வெக்கமா இல்ல உங்களுக்கு? செய்தி வாசிக்கிற பொண்ணோட உதட்டையே இப்படி உத்துப் பாக்கறீங்க!”

மனைவி கேட்டதில் நியாயம் இருந்தது. டிவியில் சத்தமே இல்லை. அவன் மூக்கு மட்டும் திரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“உதட்டைப் பாத்தே பேச்சைப் புரிஞ்சுக்கற பயிற்சிடி இது.”

“எதுக்காம்?”

“வேளை வரும்போது சொல்றேன். ஓரளவு பிடிபட்டுருச்சு. இந்த மீசைக்காரங்கதான் உயிரை எடுக்கறாங்க. மேலுதடே தெரிய மாட்டேங்குது.”

மூலை நாற்காலியில் இருந்த அப்பா, தன் முறுக்கு மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் காலை, கல்யாணத்துக்கு முன்பிருந்தே வளர்த்த அந்த மீசையை வழித்துவிட்டு வந்து நின்றார்.

“என்ன மாமா, யாருக்குப் பொண்ணு பாக்கப் போறீங்க?” என்று மருமகள் சிரித்தாள்.

அப்பாவின் உதடு அசைந்தது. தொண்டை ஆபரேஷனில் குரல் போனதிலிருந்து அவர் உதட்டை அசைப்பதும், வீட்டார் “சரிப்பா, சரிப்பா” என்று நகர்ந்துவிடுவதும் வழக்கம். அவனும் “சரிப்பா” என்று ஆபீசுக்கு ஓடினான்.

ஆபீசில் மேனேஜருக்குக் கண்ணாடி அறை. அடுத்த சூப்பர்வைசர் யார் என்று மேனேஜரும் முதலாளியும் உள்ளே பேசுவது, வெளியே இருந்த கிளார்க்குகளில் இவன் ஒருவனுக்கு மட்டும் புரிந்தது. ‘லேட்டா வர்றான்’ என்று உதடு அசைந்தால், மறுநாள் வாட்ச்மேனுக்கு முன்பே கேட்டில் நின்றான். ‘மூஞ்சியில சிரிப்பே இல்ல’ என்றால், பிரிண்டரைப் பார்த்துக்கூடச் சிரித்தான்.

பதவி கிடைத்தது. அன்று மாலை சமையலறையில், குரலைத் தாழ்த்தி மனைவியிடம் உண்மையை உடைத்தான்.

“அடப்பாவி, ஒட்டுக்கேக்கவா இத்தனை படிப்பு!”

“இதுவும் ஒரு திறமைடி.”

“அப்படியா? மாமா ரொம்ப நாளா ஏதோ சொல்றாரு. உங்க திறமையை அங்க காட்டுங்க பாக்கலாம்.”

அவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போய் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தான். அப்பா அவசரமாக முகத்தை விளக்குப் பக்கம் திருப்பிக்கொண்டார். உதடுகள் அசைந்தன.

“என்னங்க சொல்றாரு?”

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் அவன் தரையைப் பார்த்தான்.

அவனுக்கு விளங்கவில்லை என்று நினைத்த அப்பா, அவன் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, சத்தமில்லாமல், இன்னும் நிதானமாகச் சொன்னார்:

“மீசைய எடுத்துட்டேனே, இப்பப் புரியுதாடா?”